ஹூ, விச், தட் தகராறு: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

குன்னூரில் டைப்பிங் கடை வைத்திருப்பவன் மேசைக்கு வரும் ஆங்கிலம் பெரும்பாலும் நாலு வகைதான். ஹோம்ஸ்டே வாசலில் மாட்டும் போர்டு, கெஸ்ட்டுக்கு அனுப்பும் வாட்ஸ்அப், பள்ளிக்கோ டீ ஃபேக்டரிக்கோ போகும் லெட்டர், அப்புறம் பயோடேட்டா. ஸ்பெல்லிங் தப்பானால் கம்ப்யூட்டரே சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடும். அது பல நேரம் கோட்டைவிடுவது “ஹூ”, “விச்”, “தட்” போட்டு ஒரு பெயரோடு இன்னொரு வாக்கியத்தை ஒட்டும் இடங்களை. பள்ளியில் இதை ரிலேட்டிவ் கிளாஸ் என்று நடத்தினார்கள். இரண்டு வாக்கியத்தைச் சேர்த்து எழுது என்று பரீட்சையில் கேட்டார்கள், எழுதினோம், அதோடு மறந்தோம்.

இங்கே வரும் தப்புகள் கண்டபடி வருவதில்லை. பெரும்பாலானவை நம் பெயரெச்சத்தின் வழியாக இறங்கி வருபவை. “நேற்று வந்த வண்டி”, “நாங்கள் தங்கிய வீடு” என்று வாய் பழகிவிட்டது. கை அதையே ஆங்கிலத்தில் எழுதப் பார்க்கிறது. ஆகவே விதிகளை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வாக்கியத்தில் எந்தக் கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள், பாதித் தப்பு காதிலேயே மாட்டும்.

எந்தக் கோளாறானாலும் முதலில் இது

ஒட்டியதைப் பிரியுங்கள். “தி ரூம் விச் யூ புக்டு இஸ் ரெடி” என்று இருக்கிறது. இதற்குள் இருப்பவை இரண்டு: “யூ புக்டு தி ரூம்.” “தி ரூம் இஸ் ரெடி.” இரண்டிலும் ஒரே ரூம். ஒட்டும்போது முதல் வாக்கியத்தில் இருந்த ரூம் எழுந்து முன்னால் வந்துவிட்டது. அது உட்கார்ந்திருந்த இடம், அதாவது “புக்டு”வுக்குப் பின்னால், ஒரு காலி இருக்கையாக நிற்கிறது. அந்தக் காலி இருக்கை எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால் கீழே வரும் கோளாறுகளில் பாதியை நீங்களே சரிசெய்துவிடலாம்.

கோளாறு: முடிந்த இடத்தில் “இட்”, “ஹிம்”, “தெம்” தொங்குகிறது

“தி ரூம் விச் யூ புக்டு இட் இஸ் ரெடி.” “தி கைடு ஹூ வி மெட் ஹிம் அட் தொட்டபெட்டா வாஸ் குட்.”

காலி இருக்கையில் இன்னொருவரை உட்கார வைத்தாயிற்று. ரூம் ஏற்கெனவே முன்னால் வந்து நிற்கிறது. அதே ரூமை “இட்” என்று மறுபடி சொல்ல வேண்டியதில்லை. அடித்துவிடுங்கள்: “தி ரூம் விச் யூ புக்டு இஸ் ரெடி.” “தி கைடு வி மெட் அட் தொட்டபெட்டா வாஸ் குட்.”

இதன் தம்பி ஒன்று உண்டு. “தி பஸ் விச் கோஸ் டு கோத்தகிரி இட் இஸ் லேட்.” துணைவாக்கியம், அதாவது “விச்”, “ஹூ” போட்டு ஒட்டிய பகுதி, முடிவதற்குள் மூச்சு வாங்கிவிடுவதால், எழுவாயை மறுபடி ஒரு தடவை கூப்பிட்டுக்கொள்கிறோம். பேச்சில் இது எல்லா ஊரிலும் நடக்கிறது, இங்கிலாந்திலும்தான். எழுத்தில் வேண்டாம். “கோத்தகிரி”க்கு அடுத்து நேரே “இஸ் லேட்”.

இப்படி எழுதுகிறவரை யாராவது கேலி செய்தால் ஒன்று சொல்லுங்கள்: அரபியில் அந்த இடத்தில் மாற்றுப்பெயரை விட்டுவைப்பது இலக்கணப்படியே சரி. ஆங்கிலத்தில் வழக்கமில்லை, அவ்வளவுதான்.

கோளாறு: படித்தவர் “எதில்?”, “யாரிடம்?” என்று திருப்பிக் கேட்கிறார்

அதிகம் வருவது இதுதான். காசு விஷயத்தில் வம்பை இழுத்து வைப்பதும் இதுதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

“திஸ் இஸ் தி காட்டேஜ் விச் வி ஸ்டேய்டு.” “தி ஃபேக்டரி விச் ஐ ஒர்க் இஸ் இன் கோத்தகிரி.” “தி பென் விச் ஐ சைன்டு வாஸ் ப்ளூ.” மூன்றையும் பிரியுங்கள். “வி ஸ்டேய்டு இன் தி காட்டேஜ்.” “ஐ ஒர்க் இன் தி ஃபேக்டரி.” “ஐ சைன்டு வித் தி பென்.” காட்டேஜ் எழுந்து முன்னால் போனது, சரி. “இன்” ஏன் கூடவே காணாமல் போனது? அதற்கு எழுந்து போக அனுமதி கிடையாது.

தமிழில் அது காணாமல்தான் போகும். “காட்டேஜில் தங்கினோம்” என்பதைப் பெயரெச்சமாக்கினால் “நாங்கள் தங்கிய காட்டேஜ்”. “இல்” உருபு எங்கே என்று ஒருவரும் தேடுவதில்லை. வினை தரும் பொருள் ஆறு என்று நன்னூல் கணக்கு வைத்திருக்கிறது: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். பெயரெச்சம் இந்த ஆறில் எந்தப் பெயரையும் கொண்டு முடியும். பறித்த அக்கா, பறித்த கத்தரிக்கோல், பறித்த தோட்டம், பறித்த நாள், பறித்த கொழுந்து. செயலை விட்டுவிட்டு ஐந்தை மட்டும் பாருங்கள். “பறித்த” ஐந்திலும் அப்படியே இருக்கிறது. அக்கா பறிப்பவர், கத்தரி பறிக்க உதவுவது, கொழுந்து பறிபடுவது என்பதைக் கேட்பவரே தன் அறிவால் புரிந்துகொள்கிறார்.

ஆங்கிலம் அந்த வேலையைக் கேட்பவர் தலையில் வைப்பதில்லை. “தி வுமன் ஹூ பிளக்டு தி லீஃப்.” “தி ஷியர்ஸ் ஷி பிளக்டு வித்.” “தி ஃபீல்டு ஷி பிளக்டு இன்.” “தி லீஃப் ஷி பிளக்டு.” அக்காவுக்கு “ஹூ”, கொழுந்துக்கு ஒன்றும் வேண்டாம், கத்தரிக்கு “வித்”, தோட்டத்துக்கு “இன்”. நாளுக்கு மட்டும் சலுகை: “தி டே ஷி பிளக்டு” என்றாலே போதும், “ஆன்” கட்டாயமில்லை. டே, இயர், டைம் மாதிரிக் காலப் பெயர்களுக்கு இந்தச் சலுகை உண்டு. “தி டே விச் ஐ ஜாயின்டு” என்று “விச்” போட்டுவிட்டால் மட்டும் சலுகை ரத்து. அப்போது “தி டே ஆன் விச் ஐ ஜாயின்டு” என்று முழுசாக எழுத வேண்டும்.

சரிசெய்ய மூன்று வழி. அன்றாட எழுத்துக்கு, சொல்லைக் கடைசியிலேயே விடுங்கள்: “தி காட்டேஜ் வி ஸ்டேய்டு இன்.” பேங்க், கோர்ட், ஆபீஸ் லெட்டர் என்றால் முன்னால் கொண்டுவாருங்கள்: “தி காட்டேஜ் இன் விச் வி ஸ்டேய்டு.” இடம் என்றால் “வேர்” போட்டுத் தப்பிக்கலாம்: “தி காட்டேஜ் வேர் வி ஸ்டேய்டு.” மூன்றில் ஒன்றுதான். “தி காட்டேஜ் இன் விச் வி ஸ்டேய்டு இன்”, “வேர் வி ஸ்டேய்டு இன்” என்று இரண்டு வழியையும் சேர்த்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், பயத்தில். “இன் தட் வி ஸ்டேய்டு” என்பதும் ஓடாது. அந்தச் சொல்லை முன்னால் கொண்டுவந்தால் பின்னால் “விச்” அல்லது “ஹூம்”தான் வரும், “தட்” வராது.

வாக்கியத்தை “இன்”, “வித்” என்று முடிக்கக் கூடாது என்று உங்கள் டீச்சர் சொல்லியிருப்பார். 1672ல் ஜான் டிரைடன் என்ற ஆங்கிலக் கவிஞர் அப்படி முடிப்பதைக் குறையாகச் சொன்னார். அதிலிருந்து தொடரும் பழைய வழக்கு அது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்பதில்லை. தாராளமாக முடியுங்கள்.

இப்போது அந்தக் காசு விஷயம். கெஸ்ட் ஒருவர் டாக்ஸி டிரைவரிடம் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார். நாம் தமிழில் “அட்வான்ஸ் கொடுத்த டிரைவர் வரலை” என்போம். கொடுத்தது யார், வாங்கியது யார் என்பது அந்தப் பேச்சில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதையே சொல்லுக்குச் சொல் எழுதினால் “தி டிரைவர் ஹூ கேவ் தி அட்வான்ஸ் டிட் நாட் கம்”. படிப்பவருக்குக் கதை தலைகீழ்: டிரைவர் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார், பிறகு வரவில்லை, பாவம் டிரைவர்! சரியானது இது: “தி டிரைவர் ஐ கேவ் தி அட்வான்ஸ் டு டிட் நாட் கம்.” இங்கே அந்தச் சின்ன “டு”தான் பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று சொல்கிறது. புகார் எழுதும்போது கொடுத்த, வாங்கிய, விற்ற, அனுப்பிய என்று வரும் இடங்களையெல்லாம் தனியாகப் பிரித்துச் சோதியுங்கள். இலைக்கு ரேட் பேசி ஃபேக்டரிக்கு எழுதும் லெட்டரில் “தி ஏஜென்ட் ஹூ சோல்டு லீஃப்” என்றால் விற்றவர் ஏஜென்ட். நீங்கள் அவருக்கு விற்றிருந்தால் “தி ஏஜென்ட் ஐ சோல்டு தி லீஃப் டு”.

கோளாறு: போர்டு ஒன்று சொல்கிறது, கெஸ்ட் வேறொன்று புரிந்துகொள்கிறார் (கமா)

பேச்சில் கமா தெரியாது. தமிழ் எழுத்திலும் பெயரெச்சத்துக்குக் கமா கிடையாது. ஆகவே ஆங்கிலத்தில் அதை அலங்காரம் என்று நினைத்துவிடுகிறோம்.

“பாட்டில்ஸ், விச் ஆர் மேட் ஆஃப் பிளாஸ்டிக், ஆர் நாட் அலவ்டு.” பிளாஸ்டிக் விஷயத்தில் நீலகிரி கறாரான ஜில்லா என்பது வெளியூர்க்காரருக்கும் தெரியும். ஆனால் இந்த போர்டு சொல்வது வேறு. உலகத்தில் பாட்டில் என்றாலே பிளாஸ்டிக்தான், பாட்டில் எதுவும் உள்ளே வரக்கூடாது என்கிறது. ஸ்டீல் பாட்டில் வைத்திருப்பவரும் வாசலில் நிற்க வேண்டியதுதான். இரண்டு கமாவையும் எடுத்துவிட்டால் சரி: “பாட்டில்ஸ் விச் ஆர் மேட் ஆஃப் பிளாஸ்டிக் ஆர் நாட் அலவ்டு.” இப்போது பிளாஸ்டிக்கில் ஆன பாட்டில்களுக்கு மட்டும் தடை.

கமா போட்டால் துணைவாக்கியம் கூடுதல் தகவல். போடாவிட்டால் அது எந்த ஒன்று என்று பிரித்துக் காட்டும் அடையாளம். 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிக்கு ஈ-பாஸ் வேண்டும். கெஸ்ட்டுக்கு “கார்ஸ், விச் ஹேவ் ஆன் ஈ-பாஸ், கேன் என்டர்” என்று அனுப்பினால், எல்லா காருக்கும் பாஸ் ஏற்கெனவே இருக்கிறது, கவலைப்படாமல் வாருங்கள் என்று அர்த்தம். கமா இல்லாமல் “கார்ஸ் விச் ஹேவ் ஆன் ஈ-பாஸ் கேன் என்டர்” என்றால், பாஸ் உள்ள கார் மட்டும். கமா போட்ட மெசேஜை நம்பி வருகிறவர் செக்போஸ்ட்டில் நின்றுகொண்டு உங்களுக்குத்தான் போன் போடுவார்.

ஹோம்ஸ்டே நடத்தும் அக்கா ஒருவர் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “கமா போட்டா பார்க்க நல்லாருக்குன்னு போட்டேன் தம்பி.” “நல்லாருக்கணும்னா ஓரத்துல பூ வரைஞ்சுக்கலாம்க்கா, கமா வேண்டாம்” என்றேன். பூ வரைந்துதான் போர்டு போனது.

மறுபக்கத் தப்பு லீவ் லெட்டரில் வரும். “மை ஃபாதர் ஹூ ஒர்க்ஸ் இன் எ டீ ஃபேக்டரி இஸ் அன்வெல்.” கமா இல்லை. அதாவது டீ ஃபேக்டரியில் வேலை செய்யும் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. மற்ற அப்பாக்கள் நன்றாக இருக்கிறார்கள். டீச்சர் அப்படி நினைக்க மாட்டார், லீவும் கிடைக்கும். ஆனாலும் “மை ஃபாதர், ஹூ ஒர்க்ஸ் இன் எ டீ ஃபேக்டரி, இஸ் அன்வெல்” என்பதுதான் எழுத்து. பயோடேட்டாவிலும் வேலைக்கான லெட்டரிலும் இது கண்ணில் குத்தும்.

சோதனை சுலபம். துணைவாக்கியத்தைக் கட்டைவிரலால் மூடுங்கள். மிச்சத்தைப் படிக்கிறவருக்கு எந்த ஆள், எந்தப் பொருள் என்று அப்போதும் தெரிந்தால் கமா போடுங்கள். தெரியாவிட்டால் போடாதீர்கள். ஊர்ப்பெயர், ஆள் பெயர் எல்லாம் ஏறக்குறைய எப்போதும் கமா பக்கம்தான், ஏனென்றால் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: “தொட்டபெட்டா, விச் இஸ் 2,637 மீட்டர்ஸ் ஹை, இஸ் நியர் ஊட்டி.” மலை ரயிலும் அப்படியே: “தி நீலகிரி மவுண்டன் ரயில்வே, விச் ரீச்டு குன்னூர் இன் 1899 அண்டு ஊட்டி இன் 1908, இஸ் எ வேர்ல்டு ஹெரிடேஜ் சைட்.”

சொந்தக்காரர் விஷயத்தில் இலக்கணம் கைவிரித்துவிடும். “மை சிஸ்டர் ஹூ லிவ்ஸ் இன் கூடலூர்” என்று கமா இல்லாமல் எழுதினால் இன்னும் அக்கா தங்கை இருக்கிறார்கள். கமா போட்டால் ஒரே ஒருத்தி. உங்களுக்கு எத்தனை பேர் என்பது உங்களுக்குத்தான் தெரியும். வாரிசு விவரம் எழுதும் பேப்பரில் இது விளையாட்டில்லை. அங்கே கமாவை நம்பாதீர்கள், பெயரையே எழுதிவிடுங்கள்.

இரண்டு சின்ன விஷயம். திறந்த கமாவை மூட வேண்டும். முதல் கமாவைப் போட்டுவிட்டு இரண்டாவதை மறப்பது மிகவும் சாதாரணம். கமாவுக்குப் பிறகு “தட்” வராது, “விச்” அல்லது “ஹூ”தான்.

கோளாறு: “விச்” யாரைச் சொல்கிறது என்று தெரியவில்லை

“ஐ பாட் வர்க்கி ஃபார் மை பாஸ் இன் ஊட்டி விச் வாஸ் வெரி கிரிஸ்பி.” மொறுமொறுப்பாக இருந்தது ஊட்டியா, வர்க்கி என்ற பிஸ்கட்டா? “விச்” தனக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரைப் பிடித்துக்கொள்ளும். தமிழில் பெயரெச்சம் தன் பெயருக்கு முன்னால் நிற்பதால் நாம் அதிகம் தடுமாறுவதில்லை. ஆங்கிலத்தில் பின்னால் போவதால் நடுவில் வேறு பெயர்கள் புகுந்துவிடுகின்றன. நகர்த்துங்கள்: “இன் ஊட்டி ஐ பாட் மை பாஸ் சம் வர்க்கி விச் வாஸ் வெரி கிரிஸ்பி.” இன்னும் நல்லது, துணைவாக்கியத்தையே கரைத்துவிடுவது: “இன் ஊட்டி ஐ பாட் மை பாஸ் சம் வெரி கிரிஸ்பி வர்க்கி.” தேன் விற்கும் போர்டில் “ஹனி ஃப்ரம் தி ஹில்ஸ் விச் இஸ் பியூர்” என்பதற்கும் இதே வைத்தியம்: “பியூர் ஹனி ஃப்ரம் தி ஹில்ஸ்.”

“விச்” சில சமயம் ஒரு பெயரைச் சொல்லாமல் முழு வாக்கியத்தையும் சொல்லும். “தி ரோடு வாஸ் க்ளோஸ்டு அட் பர்லியார், விச் மேட் அஸ் லேட்.” லேட்டாக்கியது ரோடும் இல்லை, பர்லியாரும் இல்லை, ரோடு அடைபட்டதுதான். இது சரியான ஆங்கிலம். இங்கே கமா கட்டாயம். ஆனால் “ஹி சென்ட் மி தி பில், விச் சர்ப்ரைஸ்டு மி” என்றால் ஆச்சரியம் பில் தொகையாலா, அவர் பில் அனுப்பியதாலா என்று சண்டை வரும். சண்டை வரக்கூடிய இடத்தில் இரண்டு வாக்கியமாக உடையுங்கள்.

உடைக்கிறேன் என்று “விச் ஐ ஆல்ரெடி இன்ஃபார்ம்டு யூ.” என்று தனியாக நிறுத்தாதீர்கள். ஒட்ட ஆளில்லாமல் நிற்கும் துணைவாக்கியம் அது. “ஐ ஹேவ் ஆல்ரெடி இன்ஃபார்ம்டு யூ அபவுட் திஸ்.”

கோளாறு: “ஹேவிங்” பெருகிக் கிடக்கிறது

“ரூம்ஸ் விச் ஆர் ஹேவிங் ஹாட் வாட்டர்.” “லேக் வியூ ஹேவிங் காட்டேஜ்.” “ஹாட் வாட்டர் அவைலபிள் ரூம்ஸ்.” முதலாவது “வசதி கொண்டிருக்கும்” என்பதன் நேர் நிழல். மற்ற இரண்டும் பெயரெச்சத்தைப் பெயருக்கு முன்னாலேயே வைத்துக்கொண்டு ஆங்கிலத்துக்குள் நுழைந்தவை. ஊட்டி, கொடைக்கானல் இரண்டிலும் போர்டு போர்டாகப் பார்க்கலாம். சொந்தமாக, வசதியாக இருப்பதைச் சொல்ல “ஹேவிங்” வேண்டாம். “ரூம்ஸ் தட் ஹேவ் ஹாட் வாட்டர்” என்பது சரி. “ரூம்ஸ் வித் ஹாட் வாட்டர்” என்பது சரியும் சுருக்கமும். பெயின்டர் எழுத்துக்குக் காசு வாங்குபவராக இருந்தால் லாபமும்கூட.

இதே போல “விச் இஸ்”, “ஹூ ஆர்” என்பதைப் பல இடங்களில் அப்படியே உதிர்த்துவிடலாம். “டீ விச் இஸ் க்ரோன் இன் குன்னூர்” என்பதை “டீ க்ரோன் இன் குன்னூர்” என்றால் குறை ஒன்றுமில்லை.

கோளாறு: “விச்”, “ஹூ” விட்டுப்போனது, வாக்கியம் உடைந்தது

“தி மேன் கேம் யெஸ்டர்டே இஸ் மை அங்கிள்.” உடைகிறது. ஆனால் “தி மேன் யூ மெட் யெஸ்டர்டே இஸ் மை அங்கிள்” உடையவில்லை. ஏன்? விட்டுப்போன இடத்துக்கு அடுத்த சொல்லைப் பாருங்கள். “யூ”, “ஐ”, “வி”, “தி கெஸ்ட்” என்று ஆளோ பொருளோ வந்தால் “ஹூ”, “விச்”, “தட்” எதையும் விடலாம். “கேம்”, “கோஸ்”, “இஸ்” என்று வினை வந்தால் விடக்கூடாது. காலி இருக்கை எழுவாயின் இருக்கை என்றால் அங்கே “ஹூ” இருந்தே ஆக வேண்டும் என்பதுதான் கணக்கு. கமாவுக்குள் இருக்கும் துணைவாக்கியத்தில் எப்போதும் விடக்கூடாது.

கோளாறு: ஆளுக்கு “விச்”, பொருளுக்கு “ஹூ”, எல்லாவற்றுக்கும் “வாட்”

ஆளுக்கு “ஹூ”, பொருளுக்கு “விச்”, இரண்டுக்கும் “தட்”. சாயங்காலம் தோட்டத்தில் இறங்கும் காட்டெருமை “விச்” அல்லது “தட்”. வீட்டு நாய்க்குப் பெயர் வைத்திருந்தால் “ஹூ” போடலாம், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். பழைய ஆங்கிலத்தில் இந்தக் கட்டுப்பாடு இருக்கவில்லை. 1611ல் அச்சான கிங் ஜேம்ஸ் பைபிளில் பரமண்டல ஜெபம் பிதாவையே “விச் ஆர்ட் இன் ஹெவன்” என்றுதான் அழைக்கிறது. இன்று உங்கள் ஹெட்மாஸ்டரை அப்படி எழுத முடியாது.

“எவெரிதிங் வாட் யூ நீட் இஸ் ஹியர்” தப்பு. “எவெரிதிங் யூ நீட் இஸ் ஹியர்” அல்லது நடுவில் “தட்”. “வாட்” தன் பெயரைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது: “வாட் யூ நீட் இஸ் ஹியர்.” முன்னால் பெயர் இருந்தால் அதற்கு வேலையில்லை.

கோளாறு: “ஒன் ஆஃப் தி” வந்ததும் வினை தடுமாறுகிறது

“ஷி இஸ் ஒன் ஆஃப் தி டீச்சர்ஸ் ஹூ டீச்சஸ் மேத்ஸ்.” பிரியுங்கள்: மேத்ஸ் நடத்துவது யார்? டீச்சர்ஸ், பலர். அவர்களில் இவர் ஒருவர். ஆகவே “ஹூ டீச் மேத்ஸ்”. “தி ஒன்லி ஒன் ஆஃப் தி டீச்சர்ஸ்” என்று வந்தால் மட்டும் ஒருமை, “ஹூ டீச்சஸ்”. ஆங்கிலேயர்களே இதில் பாதிப் பேர் வழுக்குகிறார்கள். நேரமில்லாவிட்டால் “ஷி டீச்சஸ் மேத்ஸ்” என்று எழுதிவிட்டு வேலையைப் பாருங்கள்.

கோளாறு: “ஹூம்” போடலாமா, “ஹூஸ்” எந்த ஸ்பெல்லிங்

காலி இருக்கையில் “ஹி”யைப் போட்டுப் பாருங்கள், பிறகு “ஹிம்”மைப் போட்டுப் பாருங்கள். “ஹி” பொருந்தினால் “ஹூ”. “ஹிம்” பொருந்தினால் “ஹூம்” போடலாம். “தி கெஸ்ட் ஹூம் கேம் யெஸ்டர்டே” தப்பு, ஏனென்றால் வந்தது “ஹி”. மரியாதைக்காக “ஹூம்” போடுகிறோம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதற்கும் மரியாதைக்கும் சம்பந்தமில்லை. வாட்ஸ்அப்பில் “ஹூம்” தேவையே இல்லை, அதை விட்டுவிட்டு “தி கெஸ்ட் ஐ மெட்” என்றால் போதும். “டு”, “வித்”, “ஃப்ரம்” முன்னால் வரும்போது மட்டும் கட்டாயம். சர்டிஃபிகேட் தலைப்பில் இருக்கும் “டு ஹூம்ஸோஎவர் இட் மே கன்சர்ன்” என்பதைத் திருத்திக் கொடுக்கச் சொல்லி யாராவது கேட்டால் தொடாதீர்கள். நம் நாட்டு ஆபீஸ் வழக்கு அது, இலக்கணத்திலும் நிற்கிறது.

“ஹூஸ்” இரண்டு உண்டு. “யாருடைய” என்பது டபிள்யூ, எச், ஓ, எஸ், ஈ. நடுவில் மேற்கொட்டு (அப்பாஸ்ட்ரஃபி) உள்ளது “ஹூ இஸ்” அல்லது “ஹூ ஹேஸ்” என்பதன் சுருக்கம். விரித்துப் படித்தால் தெரிந்துவிடும். “தி ஸ்டூடண்ட் ஹூ இஸ் ஃபாதர் இஸ் எ டிரைவர்” என்று விரிந்து இளித்தால் மேற்கொட்டை எடுங்கள். பொருளுக்கும் “ஹூஸ்” போடலாம்: “எ ஹவுஸ் ஹூஸ் ரூஃப் லீக்ஸ்” நல்ல ஆங்கிலம். மழைக்காலத்தில் இங்கே அடிக்கடி தேவைப்படும் வாக்கியமும்கூட.

கோளாறு: தப்பே இல்லை, ஆனாலும் கம்ப்யூட்டர் “விச்”சுக்கு அடியில் கோடு போடுகிறது

“தி ரூம் விச் யூ புக்டு இஸ் ரெடி.” சரியான வாக்கியம். ஆனாலும் சில கம்ப்யூட்டர்களில் “கமா போடு, அல்லது தட் ஆக்கு” என்று எம்எஸ் வேர்டு நச்சரிக்கும். கமா இல்லாத இடத்தில் “தட்”, கமா உள்ள இடத்தில் “விச்” என்று பங்கு பிரித்துக்கொண்டால் நன்றாக இருக்குமே என்று 1926ல் ஹென்றி ஃபௌலர் என்ற ஆங்கிலேயர் தன் அகராதியில் யோசனை சொன்னார். பெரும்பாலோரும் சிறந்த எழுத்தாளர்களும் அப்படி எழுதுவதில்லை என்று அவரே அங்கே ஒப்புக்கொள்கிறார். அமெரிக்கப் பதிப்பகங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. பிரிட்டனில் கமா இல்லாத இடத்தில் இரண்டும் ஓடும். நம் பாடப்புத்தக ஆங்கிலம் பிரிட்டன் பக்கம்.

ஆபத்து ஒன்றுதான். கோட்டைப் பார்த்துப் பயந்து கமாவைப் போட்டுவிடுவார்கள், அர்த்தம் மாறிவிடும். “தி ரூம், விச் யூ புக்டு, இஸ் ரெடி” என்றால் எந்த ரூம் என்று கெஸ்ட்டுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். மூன்று ரூம் உள்ள ஹோம்ஸ்டேயில் அது தெரியாது. கட்டைவிரல் சோதனை கமா வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான். அமெரிக்க கெஸ்ட்டாக இருந்தால் “தட்” ஆக்கிவிடுங்கள், கோடும் போய்விடும். இல்லையென்றால் கோட்டின் மேல் ரைட் கிளிக் செய்து “இக்னோர்” கொடுத்துவிட்டு பிரிண்ட் எடுங்கள். பிரிண்ட்டில் கோடு வராது.